எடைக்கல்

பதினேழு வருடம் டாக்டர் ஹோல்ஸ்டுக்கு வண்டி ஓட்டினேன்.
டென்வரிலிருந்து கணவாய் ஏறி, இறங்கி,
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே
வளைவே தெரியாத சாலையில்
ஒவ்வொரு பள்ளிக்கூடமாக.
பின் இருக்கையில் எடைக் கருவி,
ரத்தக் குப்பிகளுக்குப் பனிப்பெட்டி,
அப்புறம் பெல்ட் போட்டு உட்காரவைத்த
இருபது கிலோ இரும்பு எடைக்கல்.

கருவி பொய் சொல்கிறதா என்று
தினமும் காலையில் கல்லை ஏற்றிப் பார்ப்பாள்.
இருபது காட்டினால்தான் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.
ஒருநாள் பத்தொன்பது புள்ளி எட்டு.
கடுங்குளிரில் பாட்டரி சோம்பிக் கிடந்தது.
நாற்பது பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்க,
அதைக் கோட்டுக்குள் வைத்து அடைகாக்கச் சொன்னாள்.
கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
சிரித்தார்கள். அவளும்தான்.

ஆரம்பத்தில் அவள் தேடி வந்த பிள்ளைகள் ஒல்லி.
இரவெல்லாம் தண்ணீர் கேட்டு, படுக்கை நனைத்து,
ஒரே மாதத்தில் உடுப்பு தொளதொளத்துப் போனவர்கள்.
குழந்தைக்குச் சர்க்கரை என்றால் அது ஒன்றுதான் அப்போது.
படிவத்தில் கட்டமும் ஒன்றுதான்.

பிறகு அந்தோனிட்டோவில் அமரான்டே.
பதின்மூன்று வயது. பெருத்த உடம்பு.
பின்கழுத்தில் வெல்வெட் போலக் கருமை.
"எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது"
என்றாள் அம்மா, காலரை இழுத்து மூடியபடி.
"அழுக்கில்லை" என்றாள் டாக்டர்.
சற்று நேரம் கழித்து இன்னொரு முறை, "அழுக்கில்லை."

பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை.
மேலிடத்திலிருந்து எழுதிவந்தது: பதிவில் பிழை, சரிபார்க்கவும்.
சரிபார்த்தாள். மறுபடியும் சரிபார்த்தாள்.
பேனாவை எடுத்துப் படிவத்தில்
கையாலேயே இரண்டாவது கட்டம் வரைந்தாள்.
கொஞ்சம் கோணல்.
இரண்டு வருடம் கழித்து அச்சாகி வந்த படிவத்தில்
அது நேராக இருந்தது.

வண்டியில் பேசமாட்டாள். பேசினால் பின்னக் கணக்கு.
"ஈலோய், கோட்டுக்கு மேலே நோய் வந்தவர்கள்.
அவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள்.
கீழே எல்லோரும்: வந்தவர், வராதவர், வரப்போகிறவர்.
என் வேலை கீழே."
அப்போது பெட்ரோல் பங்கில் நின்றிருந்தோம்.
அந்த ஊருக்கு அதுதான் மளிகைக் கடை.
தண்ணீரைவிட சோடா மலிவு.
கிழங்கு லாரி லாரியாக வெளியே போக,
பள்ளிச் சாப்பாட்டுக்கு உறைந்த வறுவல்
வேறெங்கிருந்தோ உள்ளே வரும்.
விலைகளை ஒரு பச்சை நோட்டில் எழுதுவாள்.
அந்த நோட்டு எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை.

ஏறிக்கொண்டே போனது அவள் வரைந்த கோடு.
கணவாய் மாதிரி எங்காவது இறங்கும் என்றிருந்தேன்.

டெல்ஃபினா, ஒன்பது வயது.
ஷூவைக் கழற்றினாள். அது விதி.
காலுறையைக் கழற்றினாள். வேண்டாம் என்றேன்.
பையிலிருந்த கூழாங்கல்.
கடைசியில் தலையிலிருந்து
நீலப் பட்டாம்பூச்சிக் கிளிப்பை எடுத்து என் கையில் வைத்து,
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு
ஏறி நின்றாள்.
டாக்டர் அந்த எண்ணை உரக்கப் படிக்கவில்லை.
அப்புறம் யார் எண்ணையும் படித்ததில்லை.
திரையை மறைக்கத் தகரத்தில் ஒரு தட்டி கேட்டாள்.
நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.
கட்டுரையில் ஒரு வரி:
காலணியின்றி, மெல்லிய உடையில் எடை எடுக்கப்பட்டது.
என் பெயர் கடைசிப் பக்கத்தில், எழுத்துப் பிழையோடு.

அமரான்டே இப்போது லாரி ஓட்டுகிறான்.
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
சாலையில் பார்த்தால் ஹார்ன் அடிப்பான்.

போன மாதம் அவளுக்கு ஓய்வு.
கேக் வெட்டினார்கள். பாதிப் பேர் சின்னத் துண்டு கேட்டார்கள்.
கருவிகளைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது.
எடைக்கல் மட்டும் யார் பட்டியலிலும் இல்லை.
என் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்;
இந்தப் பள்ளத்தாக்கில் காற்று அப்படி.

நேற்று ஏதோ தோன்றி
அதைக் கிழங்கு மண்டிக்குத் தூக்கிப்போய்
தராசில் வைத்தேன்.
இருபது புள்ளி மூன்று.
உங்கள் தராசு தப்பு என்றேன்.

மண்டிக்காரர் குனிந்து
கல்லை உருட்டி உருட்டிப் பார்த்தார்.